நிற்பதும் ஒரு வேலை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

'வேலை' என்ற சொல்லுக்கு இயற்பியலில் ஓர் இலக்கணம் உண்டு. ஒரு பொருளின் மீது விசை செயல்பட்டு, அப்பொருள் விசையின் திசையில் இடம் பெயர்ந்தால்தான் அங்கே வேலை நடந்ததாகப் பொருள். விசையை இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் வேலையின் அளவு கிடைக்கும். இடப்பெயர்ச்சி இல்லையேல் வேலையும் இல்லை. சுவரைத் தள்ளித் தள்ளி ஒருவன் வியர்த்து விறுவிறுத்துப் போனாலும், சுவர் நகராத வரை அவன் செய்த வேலை சுழி. தலையில் மூட்டையைச் சுமந்தபடி ஒரு மணி நேரம் அசையாது நிற்கும் சுமைதூக்கும் தொழிலாளி, அந்த ஒரு மணி நேரத்தில் மூட்டையின் மீது செய்த வேலையும் சுழியே. பள்ளி இறுதி வகுப்பிலேயே இதை நாம் அனைவரும் படித்து, இரண்டு மதிப்பெண் வினாவுக்கு விடையாக எழுதியும் இருக்கிறோம்.

இந்த இலக்கணத்தில் குற்றம் இல்லை. எந்திரங்களின் திறனைக் கணக்கிட இதைவிடச் சிறந்த அளவுகோல் கிடையாது. ஆனால் மனிதர்களின் உழைப்பையும் நாம் இதே கோலால் அளக்கப் புறப்பட்டுவிட்டோமோ என்ற ஐயம் எனக்குச் சில காலமாக உண்டு. எது நகர்ந்தது, எது மாறியது, எது கைக்கு வந்தது என்று மட்டுமே பார்க்கிறோம். நகராத இடத்தில் செலவான உழைப்பு நம் கண்ணில் படுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. ஓரிக்கை, செவிலிமேடு பக்கம் சாலையோரத்தில் உள்ள வாகனப் பழுது பார்க்கும் பட்டறைகளில் ஒன்றில் சற்று நேரம் நின்று பாருங்கள். காரின் அடியில் அட்டையை விரித்துப் படுத்துக்கொண்டு மெக்கானிக் ஒரு போல்ட்டைக் கழற்றிக் கொண்டிருப்பார். அது துருவேறி இறுகிப் போயிருக்கும். ஸ்பேனரை மாட்டித் தம் உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்துவார். போல்ட் அசையாது. எண்ணெய் விட்டு ஊறவைப்பார். சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். நட்டைச் சூடாக்குவார். வெப்பத்தில் நட்டு விரிந்து பிடி தளரும் என்பது அவர் எந்தக் கல்லூரியிலும் படித்த பாடமன்று. மீண்டும் ஸ்பேனர், மீண்டும் அழுத்தம். முக்கால் மணி நேரம் கழித்துப் போல்ட் ஒரு சுற்றுச் சுற்றும். அதன்பின் இரண்டே நிமிடத்தில் கழன்று கையோடு வந்துவிடும். இயற்பியல் கணக்குப்படி வேலை நடந்தது அந்த இரண்டு நிமிடத்தில்தான். வண்டிக்காரர் கணக்கும் அதுவே. "ஒரு போல்ட்டக் கழட்டவா இவ்ளோ கூலி?" என்றுதான் அவர் கேட்பார்.

கண்டுபிடிப்பதற்குச் செலவாகும் நேரத்தின் கதையும் இதுதான். வண்டி ஏன் இடையிடையே நின்றுவிடுகிறது என்று அரை நாள் தேடி, கடைசியில் ஓர் ஒயர் இணைப்பு தளர்ந்திருப்பதைக் கண்டறிகிறார். மாற்றிய பொருளின் விலை பத்து ரூபாய். பத்து ரூபாய்ப் பொருளுக்கு ஐநூறு ரூபாய் கூலியா என்று கேட்பவர், அந்த அரை நாளை எந்தக் கணக்கில் எழுதுவார்? மருத்துவர் நாடி பார்த்து, "ஒன்றும் இல்லை, போய் வாருங்கள்" என்று சொன்னால் மறுபேச்சின்றிக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு மகிழ்ச்சியோடு திரும்புகிறோம் அல்லவா!

பெரிய நிறுவனங்களின் சர்வீஸ் நிலையங்களில் இன்னொரு வகைத் தொழிலாளி இருக்கிறார். அவர் ஸ்பேனரைத் தொடுவதில்லை. இஸ்திரி போட்ட சட்டையணிந்து, கையில் அட்டை வைத்துக்கொண்டு முன்னால் நிற்பார். உதிரிபாகம் வராததற்கும், வந்த பாகம் பொருந்தாததற்கும், பில் தொகை சொன்னதைவிடக் கூடிப் போனதற்கும் வசவு வாங்குபவர் அவரே. இவற்றில் எதுவும் அவர் கையில் இல்லை. ஆயினும் முகம் சுளிக்காமல் "சாயங்காலம் ரெடியாயிடும் சார்" என்று சொல்வதற்காகத்தான் அவருக்குச் சம்பளம். அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் 1983-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயரிட்டார். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து எழுதிய நூல் அது. பயணி எவ்வளவு முரட்டுத்தனமாகப் பேசினாலும் புன்னகை மாறக் கூடாது என்று அவர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. அந்தப் புன்னகையும் பயணச்சீட்டோடு சேர்த்து விற்கப்படும் ஒரு சரக்கு. அதை நாள் முழுவதும் உற்பத்தி செய்வதற்கு உள்ளே ஏதோ ஒன்று செலவாகிக் கொண்டே இருக்கிறது என்பது அவர் கண்ட உண்மை.

நிற்க.

பழைய கடிதங்களில் ஒரு செய்தியிலிருந்து வேறு செய்திக்குத் தாவும்போது இப்படித்தான் எழுதுவார்கள். நான் சொல்ல வந்ததும் நிற்பதைப் பற்றியே என்பதால், இந்தச் சொல் இங்கே பொருத்தமாகவே வந்து விழுந்திருக்கிறது.

நம் காஞ்சிபுரத்தில் பட்டறைகளைக் காட்டிலும் பட்டுக்கடைகளே மிகுதி. காந்தி சாலையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தால் இருபுறமும் பட்டுத்தான். வெளியூரிலிருந்து கல்யாணப் பட்டு எடுக்க வேன் பிடித்து வருகிறார்கள். தறியில் நெய்பவரைப் பற்றி நாம் நிறையவே எழுதியாயிற்று. கோர்வை என்ன, பிட்னி என்ன, சூரத்திலிருந்து வரும் ஜரிகை என்ன, கர்நாடகத்திலிருந்து வரும் பட்டு நூல் என்ன என்று நம் ஆண்டு மலரின் பழைய இதழ்களைப் புரட்டினாலும் கட்டுரைகள் கிடைக்கும். ஆனால் நெய்த சேலையைக் கையில் ஏந்தி, வாங்குபவர் முன்னால் விரித்துக் காட்டும் ஆளைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

என் தந்தையார் தறி நெய்பவர். தமக்கை ஒரு பட்டுக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஆகவே எங்கள் வீட்டில் நாள் முழுதும் உட்கார்ந்தே உழைப்பவர் ஒருவர், நாள் முழுதும் நின்றே உழைப்பவர் ஒருவர். இருவருக்கும் இரவில் வலிதான். தந்தைக்கு முதுகிலும் முழங்காலிலும். தமக்கைக்குக் கணுக்காலிலும் கெண்டைக்காலிலும். வீட்டில் கல்லூரிப் பாடம் படிக்கும் முதல் ஆள் நான் என்பதால், என் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று அவ்வப்போது கேட்பார்கள். ஒருநாள் இரவு ஒன்பதரை மணிக்குக் கடையிலிருந்து வந்து, தரையில் படுத்துக் கால்களைச் சுவர்மேல் சாய்த்து வைத்திருந்த அக்காவிடம், "எங்க புக்குப்படி பார்த்தா நீ இன்னிக்கு நின்ன நேரத்துல ஒரு வேலையும் செய்யல அக்கா" என்று விளையாட்டாகச் சொன்னேன். அவள் கோபித்துக் கொள்ளவில்லை. "அந்தப் புக்கு எழுதினவர ஒரு நாளைக்கு எங்க கடைக்குக் கூட்டிக்கினு வாடா. நிக்க வச்சிப் பார்க்கலாம்" என்றாள்.

அவரை அழைத்து வர இயலாது. ஆகவே அவருடைய இயற்பியலைக் கொண்டே இதை ஆராய்ந்து பார்க்கலாம் என்று தோன்றிற்று.

நின்றுகொண்டிருக்கும் ஒருவருடைய இதயத்திலிருந்து பாதம் வரையுள்ள உயரம் ஏறத்தாழ 1.2 மீட்டர் என்று கொள்வோம். இதயத்திலிருந்து இறங்கிய இரத்தம் மீண்டும் இதயத்துக்கே ஏற வேண்டும். அசையாமல் நிற்கும்போது சிரைகளில் உள்ள இரத்தத்தை ஒரு திரவத் தம்பமாகவே கருதலாம். திரவத் தம்பத்தின் அடியில் உள்ள அழுத்தம் என்பது உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் ஆகிய மூன்றின் பெருக்கம். இரத்தத்தின் அடர்த்தி நீரைவிடச் சற்றுக் கூடுதல். கன மீட்டருக்குச் சுமார் 1060 கிலோகிராம். பெருக்கிப் பார்த்தால் 12,500 பாஸ்கலுக்கு அருகில் வரும். பாதரச அளவில் சொன்னால் 93 மில்லிமீட்டர். மருத்துவர்கள் கருவி வைத்து அளந்து சொல்லும் அளவும் 80 முதல் 90 வரை என்ற அளவில்தான் இருக்கிறது. அசையாமல் நிற்கும் ஒவ்வொருவருடைய கணுக்காலிலும் இந்த அழுத்தம் இருந்துகொண்டே இருக்கிறது.

அதே ஆள் நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? தொடை கிடைமட்டமாகிவிடுவதால் தம்பத்தின் உயரத்தில் சுமார் 45 சென்டிமீட்டர் கழிந்துவிடும். எஞ்சியது 0.75 மீட்டர். அழுத்தம் 58 மில்லிமீட்டராகக் குறைகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது! மருந்தில்லை, மாத்திரையில்லை, ஒரு முக்காலி செய்யும் காரியம் இது.

நடந்தால் இன்னும் குறையும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கெண்டைக்கால் தசையை இரண்டாவது இதயம் என்று கூறுவதுண்டு. நடக்கும்போது அத்தசை சுருங்கிச் சுருங்கி விரிந்து, உள்ளே உள்ள சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளிய இரத்தம் கீழே வழிந்துவிடாதபடி சிரைகளுக்குள் ஒருவழி வால்வுகள் இருக்கின்றன. நம் வீட்டு அடிபம்பில் உள்ள வால்வு போல. நன்றாக நடக்கும் ஒருவருடைய கணுக்காலில் சிரை அழுத்தம் 30 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே வயலில் நடந்து நடந்து உழைப்பவரைவிட, குளிரூட்டப்பட்ட கடையில் ஒரே இடத்தில் நிற்பவரின் கால் சிரைகளே அதிக அழுத்தத்தைத் தாங்குகின்றன. வெயிலில்லை, சேறில்லை, நல்ல புடவை கட்டிக்கொண்டு நிற்கிற வேலைதானே என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் இந்த அழுத்தத்தைத் தாங்கும் சிரை மெல்ல மெல்ல விரிகிறது. விரிந்தால் வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். பொருந்தாவிட்டால் இரத்தம் கீழே வழியும். வழிந்தால் அழுத்தம் மேலும் கூடும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும் இந்தச் சுழற்சியில் சிரைகள் நீலமாகப் புடைத்து முறுக்கிக்கொள்கின்றன. நம் ஊரில் இதை 'நரம்புச் சுருட்டு' என்பார்கள். உண்மையில் அது நரம்பு அன்று, சிரை. பெயரில் பிழை இருந்தாலும் வலியில் பிழையில்லை. நாளடைவில் கால் வீங்கும், தோல் கறுக்கும், சிலருக்கு ஆறாத புண் ஆகும். நிற்பது ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லக் கூடாது. பரம்பரை, பேறுகாலம், உடல் எடை ஆகியவற்றுக்கும் பங்குண்டு. நெடுநேரம் நிற்பது அவற்றோடு சேர்ந்து காரியத்தை விரைவுபடுத்துகிறது.

ஒட்டகச்சிவிங்கியின் கால்கள் எவ்வளவு நீளம்! அதன் கணுக்காலில் அழுத்தம் எப்படி இருக்கும்? அதனால்தானோ என்னவோ, இயற்கை அதன் கீழ்க்காலின் தோலை இறுக்கமான காலுறை போல அமைத்து வைத்திருக்கிறது. விற்பனைப் பெண்களுக்கு இயற்கை அந்த வசதியைச் செய்யவில்லை. மருத்துவர் சொல்லி, மருந்துக்கடையில் விலை கொடுத்து வாங்கி அணிகிறார்கள்.

இன்னொரு வினா எஞ்சியிருக்கிறது. அசையாமல் நிற்பவர் ஏன் களைக்கிறார்? எலும்பு தானாக நிற்காது. முதுகுத் தசையும் தொடைத் தசையும் கெண்டைத் தசையும் இடைவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருப்பதால்தான் உடல் நிற்கிறது. தசை நாரினுள்ளே நுண்ணிய புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுத்து, விட்டு, மீண்டும் பற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பற்றுதலுக்கும் ஆற்றல் செலவாகிறது. ஆக, வெளியே இடப்பெயர்ச்சி சுழியாக இருக்கும்போதே உள்ளே கோடானுகோடி இடப்பெயர்ச்சிகள் நடந்துகொண்டிருக்கின்றன. புத்தக இலக்கணம் பொய்யாகவில்லை. அதைத் தவறான இடத்தில், தவறான அளவில் நாம் பொருத்திப் பார்த்தோம், அவ்வளவே. வேதியியல் ஆற்றல் வெப்பமாகிக் கழிகிறது. களைப்பு மட்டும் மிஞ்சுகிறது.

நான் எழுதியதைப் படித்து, விற்பனையாளர்கள் சிலை போல நிற்கிறார்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஒரு காஞ்சிப் பட்டுச்சேலை அரைக் கிலோவிலிருந்து, ஜரிகை மிகுந்தால் ஒரு கிலோ வரை எடையிருக்கும். சராசரி எழுநூறு கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கல்யாண வீட்டார் நாற்பது சேலையாவது பாராமல் எழுந்திருப்பதில்லை. அலமாரியிலிருந்து இறக்கியது 28 கிலோ. மடித்துத் திரும்ப ஏற்றியது 28 கிலோ. நாளொன்றுக்குப் பத்துக் குடும்பம் என்றால் அரை டன்னுக்கு மேல் கை மாறுகிறது. இந்த எண்கள் என் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. முகூர்த்த மாதத்தில் உண்மை இதைத் தாண்டும் என்பது அக்காவின் கூற்று. இதில் விரிப்பது எளிது, மடிப்பதுதான் கலை. முந்தி உள்ளே போகாமல், ஜரிகை முறியாமல், கரையோடு கரை பொருந்த, பழைய மடிப்பிலேயே மடிக்க வேண்டும். மயில்கழுத்து நிறத்துக்கு அரக்குக் கரையா வாடாமல்லிக் கரையா என்று தாயும் மகளும் வாதிடும்போது, இருவருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லி இருவரையும் சமாதானப்படுத்த வேண்டும். நாற்பதையும் பார்த்துவிட்டு, "ஆடித் தள்ளுபடில வர்றோம்மா" என்று எழுந்து போகிறவர்களையும் சிரித்த முகத்தோடு வாசல்வரை பார்த்து அனுப்ப வேண்டும். ஹாக்ஸ்சைல்ட் அம்மையார் விமானத்தில் கண்டது காந்தி சாலையிலும் இருக்கிறது.

விந்தை என்னவென்றால், பட்டு விற்பனை நம் ஊரில் எப்போதும் நின்றுகொண்டு நடந்ததன்று. பழைய பாணிக் கடைகளில் தரையில் மெத்தையோ பாயோ போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருப்பார்கள். வாங்க வந்தவரும் சம்மணமிட்டு உட்காருவார்; விற்பவரும் எதிரே உட்கார்ந்து சேலையை அவர் மடியருகே தள்ளி விடுவார். இருவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும். இன்றும் அப்படி விற்கும் கடைகள் இங்கே உண்டு. பிறகு கவுண்டர் வந்தது. வாங்குபவருக்கு நாற்காலி வந்தது. விற்பவருக்கு ஒன்றும் வரவில்லை. பெரிய கடைகளில் கண்காணிப்புக் கேமராவும் வந்தது. கூட்டமில்லாத பகல் மூன்று மணிக்குக்கூட நிற்க வேண்டும் என்ற வழக்கம் எப்படியோ ஊன்றிவிட்டது. உட்கார்ந்திருந்தால் சோம்பல், நின்றால் சுறுசுறுப்பு என்று ஒரு நம்பிக்கை!

இது நம்முடைய பழக்கத்திலேயே ஊறியிருக்கிறது. ஆசிரியர் வந்தால் எழுந்து நிற்பது மரியாதை. பாடம் படிக்காவிட்டால் பெஞ்சின்மேல் ஏறி நிற்பது தண்டனை. மரியாதைக்கும் தண்டனைக்கும் ஒரே தோற்றம். கடையில் நிற்பவர் இவற்றில் எந்த வகையில் நிற்கிறார்? நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் அடுக்கடுக்காக மூன்று சந்நிதிகள்: கீழே இருந்த கோலம், நடுவே கிடந்த கோலம், மேலே நின்ற கோலம். மூன்றும் பெருமாளுக்கு உரியவை. தொழிலாளிக்கு மட்டும் ஒரே கோலம்தான் என்று யார் விதித்தார்கள்?

2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் அத்திவரதர் தரிசனம் நடந்தது. அந்நாட்களில் நம் ஊரார் பலரும் வரிசையில் மணிக்கணக்காக நின்றிருக்கிறோம். அன்று இரவு கால் எப்படிக் கடுத்தது என்பதை மறந்திருக்க மாட்டோம். நாம் நின்றது ஒருநாள். மிஞ்சினால் இரண்டு நாள்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் 1899-ஆம் ஆண்டிலேயே கடைச் சிப்பந்திகளுக்கு இருக்கை தரவேண்டும் என்று தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்றது அது. மூவருக்கு ஒன்று! யார் உட்காருவது என்று முறை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எனினும் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னால் அவ்வளவாவது எழுதி வைத்தார்கள். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 44-ஆம் பிரிவில், நின்று வேலை செய்ய வேண்டிய தொழிலாளர் அனைவருக்கும், இடையில் ஓய்வு கிடைக்கும்போது உட்காருவதற்குத் தக்க வசதி செய்ய வேண்டும் என்றது. ஆலைத் தொழிலாளிக்கு அன்றே கிடைத்துவிட்டது. கடைத் தொழிலாளியின் நிலை? நம் மாநிலத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் அதற்கு ஓராண்டு முந்தையது, 1947-ஆம் ஆண்டு. கடையில் ஒருவரை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற அளவில்தான் வேலை வாங்கலாம். அதற்கு மேல் போனால் மிகைநேர ஊதியம் தர வேண்டும், அதற்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் போகாமல் ஒரு மணி நேர இடைவேளை விட வேண்டும் என்றெல்லாம் அது விரிவாகப் பேசுகிறது. உட்காருவதைப் பற்றி மட்டும் எழுபத்து நான்கு ஆண்டுகள் அது ஒன்றும் பேசவில்லை.

அந்த மௌனத்தைக் கலைத்ததில் கேரளப் பெண்களுக்குப் பெரும் பங்குண்டு. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று புகழ்பெற்ற கடைவீதி. அங்கே விஜி என்ற தையல் தொழிலாளி, கடைகளில் வேலை செய்த பெண்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலியன்று, கழிப்பறை. கழிப்பறை இல்லாததால் பகல் முழுதும் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்தார்கள் அப்பெண்கள். அடுத்து வந்ததுதான் உட்காரும் உரிமை. 2014-ஆம் ஆண்டின் இறுதியில் திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்கள் இதற்காகக் கடைக்கு வெளியே அமர்ந்து போராடினார்கள். 'இரிக்கல் சமரம்', அதாவது உட்காரும் போராட்டம் என்பது அதன் பெயர். உலகில் எத்தனையோ போராட்டங்கள் எழுந்து நிற்பதற்காக நடந்திருக்க, உட்காருவதற்காக நடந்த போராட்டம் இது. 2018-ஆம் ஆண்டில் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு பி.பி.சி. நிறுவனம் வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இடம்பெற்றது.

தமிழகம் இரண்டாவதாக வந்தது. 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் திருத்த மசோதாவைக் கொண்டு வந்தார். பணி நேரம் முழுவதும் நின்றபடியே இருப்பதால் ஊழியர்களுக்கு உடல்நலக் கேடுகள் நேர்கின்றன என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் ஊழியர் எல்லாருக்கும் பொருத்தமான இருக்கை வசதி செய்து தர வேண்டும். வேலையினிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார அது உதவ வேண்டும் என்பது அதன் கருத்து. பெண்களுக்கு மட்டும் என்றோ மூவருக்கு ஒன்று என்றோ இல்லை, எல்லாருக்கும். துணிக்கடை என்று மட்டும் இல்லை. நகைக்கடை, மருந்துக்கடை, பாத்திரக்கடை, கார் விற்கும் ஷோரூம் அனைத்துக்கும் பொருந்தும்.

இதைச் செய்தித்தாளில் படித்த நாளில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. சில வாரங்களில் அக்கா வேலை பார்த்த கடையிலும் முக்காலிகள் வந்து இறங்கின. சட்டம் கேட்டது நடந்துவிட்டது. ஆனால் 'வாய்ப்புக் கிடைக்கும்போது' என்ற தொடரில் ஒரு முடிச்சு இருக்கிறது. வாய்ப்பு எப்போது கிடைக்கிறது என்பதை முடிவு செய்பவர் யார்? வாடிக்கையாளர் எதிரில் இருக்கும்போது உட்காரக் கூடாது. அவர் போன பின் சேலைகளை மடிக்க வேண்டும். நின்றால்தான் கை வீச்சு வரும். மடித்து முடித்தபின் அடுத்தவர் வருகிறாரா என்று வாசலைப் பார்த்து நிற்க வேண்டும். வரவில்லையென்றால் அலமாரியை ஒழுங்கு செய்யலாமே என்பார் சூப்பர்வைசர். மேலும், முதலில் உட்காருபவர் யாராக இருப்பது? அந்தத் துணிவு யாருக்கும் வருவதில்லை. இதற்காக முதலாளிகள் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்துவதும் நியாயமன்று. தாமாகவே, "உக்காரும்மா, ஆள் வந்தா எழுந்துக்கலாம்" என்று சொல்லும் கடைக்காரர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அங்கே வியாபாரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

வாங்கப் போகிற நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். விற்பவர் உட்கார்ந்தபடி பேசினால் அவமதிப்பதாக நாம் எண்ணாவிட்டால், முதலாளியும் எண்ண மாட்டார். வங்கியில் அதிகாரி உட்கார்ந்தபடிதான் நம்மிடம் பேசுகிறார். பயணச்சீட்டு முன்பதிவு அலுவலகத்திலும் அப்படியே. நாம்தான் அங்கே நிற்கிறோம். யாரும் அதை அவமதிப்பு என்று சொல்வதில்லை. பட்டுக்கடையில் மட்டும் ஏன் தலைகீழ்? நாற்பது சேலையைப் பார்ப்பதில் தவறில்லை, வாழ்நாளில் ஒருமுறை எடுக்கும் கல்யாணப் பட்டு அது. வேண்டாத சேலைகளை ஒருபுறமாக நாமே ஒதுக்கி வைக்கலாம். அவர் முந்தியை விரிக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொள்ளலாம். பேசிக்கொண்டிருக்கும் வேளையில், "நீங்களும் உட்காருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால், கேமராவுக்குப் பயந்து அவர் உட்காராமல் இருந்தாலும் அந்த வார்த்தை வீணாவதில்லை.

இருக்கையின் வடிவத்தைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். தாழ்ந்த பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தால் கவுண்டரின் மேற்பரப்பு மார்புக்கு வந்துவிடும். சேலையை விரிக்க முடியாது. ஆகவே உட்காருவதற்காக வேலையை நிறுத்த வேண்டியிருக்கிறது. தறிக்குழியை நோக்கினால் இதற்கு ஒரு யோசனை கிடைக்கும். நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிபலகையை மிதிக்கிறார். பாவின் உயரமும், உட்காரும் உயரமும், காலின் நீளமும் ஒன்றுக்கொன்று இசையும்படி யாரோ எப்போதோ அளந்து வெட்டிய குழி அது. அதிலும் முதுகுவலி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வேலைக்காரரின் உடலை அளந்து பார்த்து, அதன்பின் வேலையிடத்தை அமைத்திருக்கிறார்கள். கவுண்டருக்கு அப்படி யாரும் அளக்கவில்லை. உயரமான, பாதம் வைக்கக் கட்டை பொருத்திய, பாதி நின்று பாதி உட்காரும் வகையிலான முக்காலி ஒன்று இருந்தால், கை நீட்டிச் சேலையை விரித்துக்கொண்டே காலின் பாரத்தைக் குறைக்கலாம். தம்பத்தின் உயரம் உட்காரும்போது குறைவதுபோல் அவ்வளவு குறையாது. ஆனாலும் தசையின் சுமை குறையும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினாலே கெண்டைத் தசை பம்பு வேலை செய்யத் தொடங்கிவிடும். அக்காவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் கால் தெரியாதாகையால் இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நான் பார்த்த சில கடைகளில் கவுண்டரின் அடியில் ஒன்றரை அடி அகலத்துக்கு இடம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு முக்காலியை அங்கே நுழைத்து வைக்க அது போதும். இப்போது அந்த இடத்தில் சேலை வைக்கும் அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள்.